மெடிக்கல் ஷாப் கவுண்ட்டருக்கு ஒரு மொழிபெயர்ப்பு ஆப்... கோடிங் தெரியாமலே உருவாக்குவது எப்படி?

திருப்பூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்ட் முடித்த பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்து நிற்கிறார். ஊர் பீகார், பேசுவது இந்தி. கவுண்ட்டரில் இருப்பவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். 'காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட அப்புறம்' என்பதை விரலைக் காட்டி, வயிற்றைத் தடவி, வானத்தைக் காட்டிச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடுகிறது. தலையை ஆட்டிவிட்டுப் போகிறவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது யாருக்கும் தெரியாது.

கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் எல்லா ஊர்களிலும் இதே கதைதான்.

போனில் மொழிபெயர்ப்பு ஆப்கள் ஏற்கெனவே ஏகப்பட்டது இருக்கின்றன. பிறகு எதற்குச் சொந்தமாக ஒன்று? ரெடிமேட் ஆப், இயந்திரம் சொல்வதை அப்படியே காட்டும். அதில் நீங்கள் கை வைக்க முடியாது. சொந்தமாகச் செய்யும் ஆப்பில், தினமும் சொல்கிற 20 வாக்கியங்களை மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்து உள்ளேயே வைத்துவிடலாம். மற்றதற்கு மட்டும் இயந்திரத்தைக் கேட்கலாம். மருந்து விஷயத்தில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இதை உருவாக்கக் கோடிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆண்ட்ராய்டு போன், இன்டர்நெட், ஒரு ஜிமெயில் கணக்கு போதும். பத்தாம் வகுப்பு மாணவர் ஒரு மதியத்தில் முடித்துவிடக்கூடிய வேலை.

பிளாக் கோடிங் என்றால் என்ன?

வழக்கமான புரோகிராமிங்கில் கட்டளைகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். ஒரு புள்ளி, ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் ஓடாது. பிளாக் கோடிங்கில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். எடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். பொருந்தாத இரண்டு கட்டைகள் ஒட்டவே ஒட்டாது என்பதால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை. குழந்தைகளிடம் பிரபலமான ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது இப்படித்தான்.

ஆனால் நமக்கு வேண்டியது ஸ்கிராட்ச் அல்ல. அதிலும் மொழிபெயர்ப்புக்கும் குரலுக்கும் கட்டைகள் உண்டு. ஆனால் வாசித்துக் காட்டும் குரல் பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. போனில் ஓடும் ஆப் வேண்டுமென்றால் பொருத்தமானது 'எம்ஐடி ஆப் இன்வென்டர்'. எம்ஐடி பேராசிரியர் ஹால் ஏபெல்சன் கூகுளில் இருந்தபோது, மார்க் ஃப்ரீட்மேன் உள்ளிட்டோருடன் உருவாக்கிய கருவி இது. 2010-ல் கூகுள் வெளியிட்டது, 2011 இறுதியில் கைவிட்டது. எம்ஐடி எடுத்துக்கொண்டு 2012-ல் மீண்டும் திறந்தது. இன்றுவரை இலவசம்.

முதலில் திரை

ஆப் இன்வென்டரை கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்தால் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று டிசைனர், அதாவது ஆப் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்பது. இன்னொன்று பிளாக்ஸ், அதாவது அழுத்தினால் என்ன நடக்கும் என்பது.

டிசைனரில் ஐந்து பொருட்களை இழுத்துப் போட வேண்டும். டைப் செய்ய ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், மொழியைத் தேர்வு செய்ய ஒரு ஸ்பின்னர், அழுத்த ஒரு பட்டன், பதிலைக் காட்ட ஒரு லேபிள். லேபிளின் எழுத்து அளவைத் தாராளமாகப் பெரிதாக வையுங்கள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் படிக்க வேண்டும். ஐந்தாவது, மீடியா பிரிவில் உள்ள 'டிரான்ஸ்லேட்டர்'. இது திரையில் தெரியாது, பின்னால் இருந்து வேலை செய்யும்.

அந்த டிரான்ஸ்லேட்டர் தானாக மொழிபெயர்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் வாக்கியத்தை இன்டர்நெட் வழியாக எம்ஐடியின் மொழிபெயர்ப்புச் சேவைக்கு அனுப்பி, பதிலை வாங்கி வருகிறது. நெட் இல்லை என்றால் மொழிபெயர்ப்பும் இல்லை.

போனில் 'எம்ஐடி ஏஐ2 கம்பேனியன்' என்ற ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து போட்டுக்கொண்டால், கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் நீங்கள் செய்வது உடனுக்குடன் போனில் தெரியும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் பிரச்சினை குறைவு.

இனி கட்டைகள்

அடிப்படை ஆப்புக்கு இரண்டே கொத்துகள்.

முதல் கொத்து: 'பட்டனை அழுத்தும்போது' என்ற மஞ்சள் கட்டை. அதற்குள் டிரான்ஸ்லேட்டரின் 'ரிக்வெஸ்ட் டிரான்ஸ்லேஷன்' என்ற ஊதா கட்டை. அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்றில் எந்த மொழிக்கு என்பது, இன்னொன்றில் எந்த வாக்கியம் என்பது. வாக்கியம் டெக்ஸ்ட் பாக்ஸிலிருந்து வரும். மொழியைப் பெயராகச் சொன்னால் அதற்குப் புரியாது, இரண்டெழுத்துக் குறியீடுதான் வேண்டும். தமிழுக்கு டி-ஏ, இந்திக்கு ஹெச்-ஐ, வங்காளத்துக்கு பி-என். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். தமிழிலிருந்து இந்திக்கு என்றால் தமிழின் குறியீடு, ஒரு சிறு கோடு, இந்தியின் குறியீடு. சேருமிடத்தை மட்டும் கொடுத்தால், மூல மொழியை அதுவே ஊகிக்கும். ஆனால் 'ஓகே', 'டேப்லெட்' போன்ற ஒற்றைச் சொல்லில் ஊகம் தடுமாறலாம் என்பதால் இரண்டையும் கொடுப்பதே நல்லது.

இரண்டாவது கொத்து: 'காட் டிரான்ஸ்லேஷன்' என்ற மஞ்சள் கட்டை. பதில் வந்து சேர்ந்ததும் இது தானாக ஓடும். அதற்குள், லேபிளில் பதிலைக் காட்டும் பச்சைக் கட்டை.

அவ்வளவுதான், ஆப் ஓடும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடமும் இதுதான். எல்லாவற்றையும் முதல் கொத்திலேயே போட்டுவிடுவார்கள்: மொழிபெயர்க்கச் சொல், உடனே லேபிளைப் படித்துக் காட்டு என்று. டீக்கடையில் 'ஒரு டீ' என்று சொன்ன அதே நொடியில் டம்ளர் கைக்கு வராது இல்லையா? இங்கேயும் அப்படித்தான். கேட்பது ஒரு நிகழ்வு, பதில் வருவது இன்னொரு நிகழ்வு. இடையில் ஒரு நொடியோ, நெட் மோசமாக இருந்தால் பத்து நொடியோ ஆகலாம். ஒரே கொத்தில் போட்டால், ஆப் முந்தைய வாடிக்கையாளருக்குச் சொன்ன பழைய பதிலையே படித்துவிடும். மருந்துக்கடையில் இது சின்னத் தவறு அல்ல.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பதில் வரவில்லையே என்று பொறுமையிழந்து பட்டனை மூன்று முறை அழுத்தினால், மூன்று கேள்விகள் போய், எந்தப் பதில் எதற்கு என்று தெரியாமல் போகும். அதனால் பட்டனை அழுத்தியவுடன் லேபிளைக் காலியாக்கி, பட்டனையும் முடக்கிவிட வேண்டும். பதில் வந்ததும் திரும்ப இயக்கலாம். ஆனால் நெட் அறுந்தால் 'காட் டிரான்ஸ்லேஷன்' வராமலே போகலாம். பட்டன் முடங்கியபடியே கிடக்கும். எனவே திரையின் 'எர்ரர் அக்கர்டு' என்ற கட்டையிலும் பட்டனை இயக்கும் கட்டளையைப் போட்டு, 'நெட் இல்லை' என்று தமிழிலேயே ஒரு செய்தி காட்டுங்கள். பதிலோடு ஒரு எண்ணும் வரும். 200 என்றால் எல்லாம் சரி. வேறு எண் வந்தால் அந்தப் பதிலைக் காட்டவே கூடாது.

குரலும் சேர்க்கலாம்

வாடிக்கையாளருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதற்கு மீடியா பிரிவில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' இருக்கிறது. பதில் வரும் கொத்துக்குள், லேபிளுக்குக் கீழே 'ஸ்பீக்' கட்டையைப் போட்டால் போன் வாசித்துக் காட்டும். இதில் மொழியை மாற்றினால் வாக்கியமும் மொழிமாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. உச்சரிப்புதான் மாறும். தமிழ் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மொழியை இந்தி என்று அமைத்தால், தமிழைத்தான் வாசிக்க முயலும், கேட்கவே முடியாதபடி. குரல் தருவது போனில் உள்ள பேச்சு வசதி என்பதால், அந்த மொழியின் குரலைப் போன் செட்டிங்ஸில் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கம், டைப் செய்வதற்குப் பதில் பேச 'ஸ்பீச் ரெகக்னைசர்'. இதற்கும் கேட்பது ஒரு கட்டை, கேட்டு முடித்தபின் ஓடுவது இன்னொரு கட்டை. இரண்டு மைக் பட்டன்கள் வைத்து, ஒன்றைத் தமிழுக்கும் மற்றதை இந்திக்கும் அமைத்தால் உரையாடல் இரண்டு பக்கமும் ஓடும். வாடிக்கையாளர் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு டிரான்ஸ்லேட்டரை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், குழப்பம் இருக்காது.

'ஒரு வேளை'யா, 'ஒருவேளை'யா?

தொழில்நுட்பம் இதுவரைதான். உண்மையான சிக்கல் மொழியில் இருக்கிறது.

'ஒரு வேளை மாத்திரை' என்றால் ஒரு பொழுதுக்கான மாத்திரை. இடைவெளியை எடுத்துவிட்டால் 'ஒருவேளை மாத்திரை'. அதாவது, 'மே பி'. பேசும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கேட்காது. மைக் எதை எழுதுகிறதோ அதைத்தான் இயந்திரம் மொழிபெயர்க்கும்.

நாம் யாரும் மாத்திரையை 'உட்கொள்வது' இல்லை, 'போடுகிறோம்'. 'ராத்திரி ஒண்ணு போட்டுக்கோங்க' என்பதில் மாத்திரை என்ற சொல்லே இல்லை. தமிழருக்குப் புரியும். இயந்திரம் எதையோ எங்கோ போடச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 'ஆறு' என்பது எண்ணா, நதியா, சூடு ஆறுவதா? 'சாப்பிடாம வாங்க' என்பது ரத்தப் பரிசோதனைக்கு வருவதா, மருந்தை விலைக்கு வாங்குவதா?

இந்திப் பக்கமும் சளைத்ததல்ல. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். 'பர்சோ' என்றால் நேற்று முன்தினமும், நாளை மறுநாளும். முழு வாக்கியமாக இருந்தால் வினைச்சொல்லை வைத்துக் காலம் தெரிந்துவிடும். 'காய்ச்சல் எப்போதிலிருந்து?' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் 'கல்' என்று பதில் வந்தால், மனிதருக்குப் புரியும், இயந்திரம் இரண்டில் ஒன்றை ஊகிக்கும்.

மரியாதையும் வழியில் தொலையும். பல மொழிபெயர்ப்பு அமைப்புகள் இரண்டு இந்திய மொழிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைப் பாலமாக வைக்கின்றன. தமிழின் 'நீங்க' ஆங்கிலத்தில் 'யூ' ஆகி, அங்கிருந்து இந்திக்குப் போகும்போது 'தும்' ஆகலாம். பெரியவரிடம் சொல்ல வேண்டியது 'ஆப்' (போனில் இருக்கும் ஆப் அல்ல, இந்தியில் 'நீங்கள்').

எனவே ஆப்புக்குக் கொடுக்கும் தமிழைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். முழு வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, எண்ணை இலக்கத்தில். 'ராத்திரி ஒண்ணு போட்டுக்கோங்க' அல்ல, 'இரவில் 1 மாத்திரை சாப்பிடுங்கள்'. கேட்கப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

சரிபார்த்த வாக்கியங்களுக்குத் தனி இடம்

இத்தனை கவனத்துக்குப் பிறகும் இயந்திரம் தவறலாம். அதனால்தான், தவறவே கூடாத வாக்கியங்களை இயந்திரத்திடம் விடக் கூடாது.

கவுண்ட்டரில் நிற்பவர் ஒரு நாள் முழுக்கத் தான் சொல்வதை எழுதிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வருவது மிகச் சில வாக்கியங்கள்தான். காலையில் 1 மாத்திரை. இரவில் 1 மாத்திரை. சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில். இதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? 3 நாளில் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

இந்தப் பட்டியலை இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள். முடிந்தால் அந்த மொழி பேசும் இன்னொருவரிடம் வாசித்துக் காட்டி, 'இதுல என்ன சொல்லியிருக்கு?' என்று கேளுங்கள். 'சாப்பிட்ட பிறகு' என்பதற்கு 'கானே கே பாத்', 'வெறும் வயிறு' என்பதற்கு 'காலி பேட்' என்று வரும். நாம் சொல்லும் அதே 'காலி'தான்.

ஆப் இன்வென்டரில் இதற்கென்றே 'டிக்ஷனரி' கட்டைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் அதற்கான இந்தி என்று ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். மொழிக்கு ஒரு டிக்ஷனரி. தேடும் கட்டையில் 'கிடைக்காவிட்டால் என்ன செய்வது' என்பதற்கும் ஒரு ஓட்டை உண்டு. மொத்த ஆப்பின் மூளையும் அந்த ஓட்டைதான். டிக்ஷனரியில் கிடைத்தால் அதைக் காட்டு, கிடைக்காவிட்டால் மட்டும் டிரான்ஸ்லேட்டரைக் கேள்.

தேடல் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் கிடைக்கும். ஒரு இடைவெளி கூடினாலும் இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே இந்த வாக்கியங்களை டைப் செய்ய விடாமல், 'லிஸ்ட் பிக்கர்' மூலம் தொட்டுத் தேர்வு செய்ய வைப்பது உத்தமம். வேகமும் அதிகம். போனுக்குள்ளேயே இருப்பதால் நெட் இல்லாதபோதும் வாக்கியம் திரையில் வரும்.

பதில் எங்கிருந்து வந்தது என்பதையும் திரை சொல்ல வேண்டும். சரிபார்த்த வாக்கியம் என்றால் பச்சைப் பின்னணி, இயந்திரத்தின் பதில் என்றால் மஞ்சள். ஒரே ஒரு கட்டை கூடுதல் வேலை. ஆனால் மஞ்சளைப் பார்த்ததும் கடைக்காரர் ஒரு நொடி நிதானித்து, விரலாலும் காட்டி, சீட்டிலும் எழுதிக் கொடுப்பார்.

மஞ்சள் பதில்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் வைக்கலாம். வந்த இந்திப் பதிலை மற்றொரு டிரான்ஸ்லேட்டர் மூலம் தமிழுக்கே திருப்பி, சின்ன எழுத்தில் கீழே காட்டுவது. 'ஒருவேளை' என்று திரும்பி வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். முழுமையான காவல் இல்லைதான். போகும்போது நடந்த தவறு வரும்போது தானாகச் சரியாகி, எல்லாம் நன்றாக இருப்பதுபோலவும் தெரியலாம். மரியாதைச் சொல் மாறியதை இது பெரும்பாலும் காட்டாது.

எந்தெந்த மொழிகள்?

ஸ்பின்னரில் பத்து மொழிகளை அடுக்கிவிட ஆசை வரும். கடைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்து இரண்டு மூன்றோடு தொடங்குவதே நல்லது. இந்தி, வங்காளம், ஒடியா, அசாமி என்று ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு மொழியையும் ஒரு வாக்கியம் கொடுத்துச் சோதித்து, பதிலும் குரலும் வருகிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள். குரல் வராத மொழிக்கு, வாக்கியங்களை அந்த மொழிக்காரர் ஒருவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, 'பிளேயர்' கட்டை மூலம் ஒலிக்கச் செய்யலாம். உண்மையில் இயந்திரக் குரலைவிட அது நன்றாகவே இருக்கும்.

கொஞ்சம் பழகியவர்கள் அடுத்த கட்டமாக இந்திய மொழிகளுக்கென்றே உருவான அமைப்புகளைப் பார்க்கலாம். மத்திய அரசின் 'பாஷிணி' 2022-ல் தொடங்கப்பட்டது. சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு 2023-ல் வெளியிட்ட 'இண்டிக்டிரான்ஸ்2' மாடல், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் கையாளுகிறது. இதுபோன்ற வெளிச் சேவைகளை ஆப் இன்வென்டரின் 'வெப்' கட்டை மூலம் இணைக்க வழி உண்டு. முதல் ஆப்பிலேயே அதில் இறங்க வேண்டாம்.

போனில் போடும் முன்

டைப் செய்வதும் பேசுவதும் போனை விட்டு வெளியே, வேறொருவரின் சர்வருக்குப் போகின்றன. வாடிக்கையாளரின் பெயர், ஆதார் எண், ஓடிபி இவற்றை மொழிபெயர்க்கக் கொடுக்கவே கூடாது. வெளியில் தெரிந்தால் சங்கடமாகும் நோய்களைப் பற்றிய வாக்கியங்களையும் சரிபார்த்த பட்டியலுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். டிக்ஷனரியில் இருப்பது எங்கும் போகாது. அதே காரணத்துக்காக ஸ்பீக்கர் சத்தத்தையும் கவனியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் காது உண்டு.

எல்லாம் சரியாக ஓடினால், 'பில்ட்' மெனுவில் ஆண்ட்ராய்டு ஆப் என்பதைத் தேர்வு செய்தால் ஏபிகே ஃபைல் தயாராகும். திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து போனில் இறக்கலாம். அந்தக் கோடு 2 மணி நேரம்தான் செல்லும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வருவதால் போன் எச்சரிக்கும். இது நீங்களே செய்தது என்பதால் அனுமதிக்கலாம். நிறுவி முடித்த கையோடு அந்த அனுமதியைத் திரும்ப அணைத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் மோசடி ஏபிகேக்கள் நுழைவதும் இதே வாசல் வழியாகத்தான். கடையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் ஆப் வேண்டும் என்றால், ஃபைலை குரூப்பில் ஃபார்வேர்டு செய்யாமல், ஒவ்வொரு போனாக நீங்களே வாங்கிப் போட்டுக் கொடுங்கள்.